பேன் மாமியின் விசாரணை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு தறியில் உட்கார்ந்தவன். என் கையெழுத்து சிக்குப்பட்ட நூல் மாதிரி இருக்கும், பிழைகளும் இருக்கும். பத்திரிகை ஆசிரியர் திருத்திப் போட்டால் நல்லது. வாயால் சொல்லலாம் என்றால், நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது.

எங்கள் ஊர் மருதமுனையில் பேன் மாமிக்குத் தெரியாத தலையே இருக்கவில்லை. ஆளின் முகத்தை மறந்துவிடுவார், உச்சியை மறக்கமாட்டார். கலியாண வீட்டில் யாரையாவது காட்டி "இவ ஆரு மாமி?" என்று கேட்டால், "முக்காட்டக் கொஞ்சம் விலக்கச் சொல்லு, சொல்றன்" என்பார். ஊருக்கே அவர் மாமி, கலியாணம் முடித்த ஆண்கள் எல்லோரும் அவருக்கு மருமகன். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

மாட்டுக் கொம்பில் செய்த பேன் சீப்பு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு வீடாக வருவார். பிள்ளையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து இறுக்கினால் பிறகு யாராலும் மீட்க முடியாது. அதற்கு அவர் கேட்பது ஒரு வாய் வெற்றிலையும் ஊர்ப் புதினச் செய்திகளும் மட்டும்தான்.

ஆனால் மாமியிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. பேனை நகத்தில் வைத்துப் பார்த்தே அது எந்த ஊர்ப் பேன் என்று தீர்ப்புச் சொல்லுவார். ஓடினால், "இது சாய்ந்தமருதுப் பேன். மீன் திண்டு வளந்தது, என்ன ஓட்டம் ஓடுது பாருங்க" என்பார். நகராமல் கிடந்தால், "மாவடிப்பள்ளி. மூணு நேரமும் சோறு திண்டு சோம்பலாப் போச்சி" என்பார். ஒருமுறை கல்முனையிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்களின் சின்னப் பிள்ளையை, அன்பாகத் தடவுவது போலத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆக்கள் நல்ல ஆக்கள்தான். மாப்பிளைக்குத் தலையணைய மட்டும் தனியாக் குடுங்க" என்று சபையில் சொல்லிவிட்டார். வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பிப் போனார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எங்கள் ஊர் வழமைப்படி நான் இருந்தது மனைவியின் வீட்டில். அடுத்த வளவில் அவளுடைய ராத்தா, அதாவது அக்கா, எனக்கு மதினி. மகள் ஹஸீனாவுக்கு அப்போது ஏழு வயது. முடி இடுப்புவரை கிடக்கும். குவைத்திலிருந்து மனைவி பேசி அனுப்பிய கசட்டில் பாதி அழுகை. மீதியில் இதுதான் இருந்தது:

"புள்ளட முடிய வெட்டிராதீங்க. பெருநாளைக்கு நான் வந்து என்ட கையால பின்னணும். இஞ்ச படுக்கக்குள்ள அதத்தான் நினைச்சிக்கிட்டுப் படுக்கிற."

கசட்டைக் கேட்ட கிழமையே மகள் தலையைச் சொறியத் தொடங்கினாள்.

மதினி வந்து முடியை விரித்துப் பார்த்தார். "தம்பி, புள்ளட தலை எறும்புப் புத்து மாதிரி இரிக்கி. ஒஸ்தாவக் கூப்பிட்டு மொட்டை அடிச்சி விடுங்க. முடிதானே, வளரும்." ஒஸ்தா என்றால் எங்கள் ஊரில் முடி வெட்டுகிறவர். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, வேணாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் மதினி, நாவிதன்வெளி ஊர் வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்துப் போத்தலோடு வந்து நின்றார்.

"ஒரு மூடிய எண்ணெயில கலந்து பூசினா ஒண்டும் மிஞ்சாது, தம்பி."

பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் மாமியை அழைத்து வந்தேன். மாமி போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார்.

"ஓம்கா, ஒண்டும் மிஞ்சாது. புள்ளையும் மிஞ்சாது. கொண்டு போ அங்கால!" பிறகு என் பக்கம் திரும்பினார். "மருமகன், பெருநாளைக்கு முன்னம் நான் முடிச்சித் தாறன். ஒரு முடி விழாது. பயப்படாதீங்க."

பயப்படாமல் எப்படி? தேங்காய் எண்ணெயைத் தலையில் ஊற வைத்து, மடியில் வெள்ளைச் சீலை விரித்து, மாமி சீப்பால் வாரி வலித்து வலித்து இழுத்தார். தலையணை உறைகளை அவித்தோம், பாயை வெயிலில் போட்டோம். தலை சுத்தமானது. நாலு நாள் போனதும் மகள் திரும்பவும் சொறிந்தாள். மறுபடியும் வலித்தார். மறுபடியும் வந்தது.

மாமிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. "என்ட சீப்புக்குத் தப்பி ஒண்டு திரும்பிக் கிறுகி வாறதா?" என்று விசாரணையைத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் மகளுக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள், ஓதப் போகிற இடத்துப் பிள்ளைகள் எல்லோருடைய தலையையும் பார்த்தாயிற்று. கடைசியில் மதினியிடமே போய் நின்றார்.

"என்ட தலையிலயா? நான் ஆரெண்டு தெரியுமா?"

"தலையத் தாகா. ஆரெண்டு அது சொல்லும்."

மதினியின் தலை கண்ணாடி மாதிரிச் சுத்தம். அந்தச் செய்தியை மதினியே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். வந்து என்னிடமும் சொன்னார்: "இனி மாமிட கதை வேணாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய ஒஸ்தா வருவார். நான் சொல்லி வெச்சிட்டன்." மனைவி வருவதற்கு ஒரு கிழமைதான் இருந்தது.

வியாழக்கிழமை மாமி ஒரு பேனை நகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது வெளியூர் இல்ல. இந்த ஊட்டுப் பேன். மருமகன், புள்ள எங்க படுக்கிற?"

"எனக்குப் பக்கத்தில, மாமி. உம்மாவைக் கேட்டு அழுவாள். என்ட கழுத்துக்குள்ள தலைய வெச்சாத்தான் தூங்குவாள்."

"உங்களுக்குத் தலை அரிக்கிறல்லையா?"

அரித்ததுதான். மாதக்கணக்காக அரித்தது. தறியிலிருந்து பறக்கிற பஞ்சு என்று நினைத்துக்கொண்டு தொப்பியை இன்னும் இறுக்கிப் போட்டுக்கொண்டேன். அந்தக் காலத்து மோஸ்தரில் காதை மூடி முடி வேறு வளர்த்திருந்தேன்.

இப்போது பெரிய சிக்கல். அந்நிய ஆணின் தலையில் மாமி கை வைக்கமாட்டார். வைத்திருந்தால் நான் வெட்கத்திலேயே உயிர் போய் மௌத்தாகியிருப்பேன். ஆகவே வாசலுக்குக் குறுக்கே ஒரு புதுச் சாரன் துணியைத் திரையாகக் கட்டினோம். அந்தப் பக்கம் மாமி. இந்தப் பக்கம் நானும், கையில் சீப்போடு மகளும்.

"அடியில இருந்து இழு கிளி! காதுக்குப் பின்னால பாரு, அதுதான் அதுகட குடியிருப்பு!"

"மாமி, ஒண்டு ஓடுது!"

"எந்தப் பக்கம்?"

"வாப்பாட நெத்திப் பக்கம்!"

"மருமகன், ஆடாதீங்க!"

சாரனுக்கு அப்பால் அயல் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டது சிரிப்புச் சத்தத்தில் தெரிந்தது. சாரனுக்குக் கீழால் மாமியின் கை வந்தது. மகள் பிடித்ததை அதில் வைத்தாள்.

"தறிப் பேன்" என்றார் மாமி. "பஞ்சு திண்டு வளந்தது. உங்கட தலையில இருந்துதான் புள்ளைக்குக் குடிபெயர்ந்து வந்திரிக்கி. மருமகன், நாளைக்கு வாற ஒஸ்தாவ வீணாத் திருப்பி அனுப்பாதீங்க."

வெள்ளிக்கிழமை ஒஸ்தா வந்தார். மதினி பிள்ளையைக் கூப்பிட்டார். நான் வாழ்க்கையில் முதல்முறையாக மதினிக்கு முன்னால் வாய் திறந்து, "பிள்ளைக்கு இல்ல மதினி, எனக்கு" என்று சொல்லிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தேன். அதே நாள் மாமி மகளின் தலையைக் கடைசி ஈர்வரை வலித்தெடுத்தார். பிறகு அவள் சொறியவில்லை.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து வான் வண்டி வந்து நின்றது. இறங்கிய மனைவி என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய் மகளைக் கட்டிப் பிடித்தாள். முடியை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகுதான் திரும்பி என் மொட்டையைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயணச் சீலையை மாற்றாமலே உட்கார்ந்து பின்னத் தொடங்கினாள். மாமி வேலிக்கு அப்பால் நின்று அதைப் பார்த்தார். கூப்பிட்டோம். "எனக்கு அங்க வேலை இல்லயே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு தெருவில் எங்கு கண்டாலும் மாமி என்னிடம் ஒன்றுதான் கேட்பார்: "மருமகன், தலை சுகமா?" நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். மாமி மௌத்தாகிப் பல காலம். ஒரு நாளாவது நின்று, "சுகம் மாமி, நீங்க எப்படி?" என்று கேட்டிருக்கலாம்.

எழுதி முடித்தது: றபீஉல் அவ்வல் மாதம் பிறை ஐந்து, செவ்வாய்க்கிழமை.