கொளுத்திப் பார்த்த கால்சட்டை

துணி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் இருபத்திரண்டு வருடமாக மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிறவன் நான். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தரம் தேய்த்தால் போதும், விலை தகுமா தகாதா என்று சொல்லிவிடுவேன். (வீட்டில் கைக்குட்டை வாங்கினால்கூட என் விரலுக்குத் தப்பாது.) அந்தத் திமிரை ஓரிக்கையில் ஒரு டீக்கடை வாசலில் பறிகொடுத்த கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாலு வருடத்துக்கு முன்பு டாக்டர் சர்க்கரை என்று சொன்னதும் காலையில் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தேன். ஒரே வாரத்தில் உட்காரும் இடம் புண்ணாகிவிட்டது. கடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே கல்யாணப் புடவை விற்றேன். இதைக் கவனித்தவள் என் மகள் நிவேதா. யாரிடமும் சொல்லாமல் தன் சம்பளத்தில், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் கால்சட்டை ஒன்றை ஆன்லைனில் வரவழைத்துவிட்டாள். விலை ஆறாயிரம்.

"முழங்காலுக்குக்கூட எட்டல, இதுக்கு ஆறாயிரமா?"

"ஒக்கார்ற எடத்துல மெத்த வெச்சிருக்குதுப்பா. போட்டுப் பாத்துட்டு சொல்லு."

"உன்ன நல்லா ஏமாத்திக்கிறான்மா."

அவள் முகம் சுண்டிப்போனது. "வேணாம்னா திருப்பி அனுப்பிடலாம்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். அவள் ஏமாந்ததை நிரூபித்துவிட்டுத்தான் ஓய்வது என்று கிளம்பினேன்.

எங்கள் ஊரில் பட்டைச் சோதிக்க ஒரு வழி உண்டு. முந்தானை ஓரத்தில் ஒரு இழையை உருவிக் கொளுத்துவோம். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை நூல் என்றால் உருகி உருண்டையாக நிற்கும். கால்சட்டைக்கு முந்தானை கிடையாது என்ற சின்ன விஷயம் எனக்கு உறைக்கவில்லை. பின்பக்கத் தையலில் ஒரு நூல் தலைநீட்டிக்கொண்டிருந்தது. உருவினேன். சமர்த்தாக வந்தது. இன்னும் கொஞ்சம் உருவிக் கொளுத்தினேன். மிளகு மாதிரி உருண்டது.

"பாத்தியா, பிளாஸ்டிக்கு!" என்று மனைவியிடம் காட்டினேன்.

"பொண்ணு ஆசையா வாங்கியாந்துக்கிறா. ஒரு நாளாவது போட்டுக்கினு போங்க. அப்புறம், உள்ள வேற எதுவும் போடக்கூடாதாம். உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கினு என்னாண்ட சொல்லிட்டுப் போறா."

ஞாயிற்றுக்கிழமை காலையில், சொன்ன சொல் தட்டாமல், அதை மட்டும் மாட்டிக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கைப் பக்கம் மிதித்தேன். உண்மையைச் சொல்கிறேன், வலியே இல்லை. பாதி வழியில் மகளை நினைத்துப் பெருமைப்படவும் தொடங்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளம். பின்னால் 'டர்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு, வரக்கூடாத இடத்தில் காற்று வந்தது.

பதறி நிறுத்திய இடம் டீக்கடை வாசல். (என் ஜாதகம் அப்படி.) "எறங்கி வந்து குடி சார்" என்றார் டீ போடுகிறவர். நான் சீட்டைவிட்டு எழவில்லை.

"சார், பின்னாடி என்னமோ பஞ்சு மாதிரி தொங்கிக்கினு இருக்குது!"

கடையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. அப்படியே பாலாற்றுக்குள் சைக்கிளை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். (அதில் தண்ணீர் இல்லை.)

என்னைக் காப்பாற்றியவர் டீக்கடைக்குப் பக்கத்து வீட்டில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் ஸ்டெல்லா அக்கா. ஒரு கேள்வி கேட்கவில்லை. கொடியில் காய்ந்த வீட்டுக்காரரின் லுங்கியை எடுத்து என்மேல் வீசினார். அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், கதவுக்குப் பின்னால் நின்று கால்சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

அக்கா புரட்டிப் பார்த்தார். "தையல் தானா வுடல சார். யாரோ நூல உருவிக்கிறாங்க."

"நான்தான்க்கா. என் பொண்ணு வாங்கிக் குடுத்தது. அவள ஏமாத்திட்டாங்களோன்னு... கொளுத்திப் பாத்தேன்."

அக்கா மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். "இது இன்னா பட்டா சார்? ஒக்காந்து ஓட்றதுக்கு வாங்குனத ஒக்காந்து ஓட்டித்தானே பாக்கணும்?" பிறகு துணியை நாலு பக்கமும் இழுத்து விட்டார். "எவ்ளோ இழுத்தாலும் பழையபடி வந்துடுது பாருங்க. நல்ல சாமான். உங்க பொண்ணு ஏமாறல."

இழுபடும் துணிக்கு நேர்த்தையல் நிற்காது என்று சொல்லி, வளைத்து வளைத்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நிவேதாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முறைத்தாள். கதையில் டீக்கடை வந்ததும் சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இன்றும் அதே கால்சட்டைதான். ஆறாயிரம் கொஞ்சமும் அதிகமில்லை. இந்த நாலு வருடத்தில் கம்பெனித் தையல்தான் வேறு இரண்டு இடத்தில் விட்டுப்போனது, அக்கா போட்டது அசையவில்லை. சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. என் புண்ணைக் கவனித்த மகளுக்கும், மானத்தைத் தைத்துக் கொடுத்த அக்காவுக்கும் நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

போன மாதம் நிவேதாவின் கல்யாணப் பத்திரிகை வந்தது. சாமிக்கு வைத்த கையோடு அவளையும் அழைத்துக்கொண்டு ஓரிக்கைக்குப் போனேன். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "மாப்ள எப்டி சார்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நிவேதா முந்திக்கொண்டாள். "அப்பா இன்னும் கொளுத்திப் பாக்கலக்கா."