மலையை விழுங்கிய அறிக்கை

இந்த ஒரு விஷயத்திலாவது மனைவியிடம் யோசனை கேட்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்தது ரயில்வே ஆவணக் காப்பகத்தில் ஒரு தற்காலிக வேலை. பழைய புகைப்படங்கள் எந்த ஊரில் எடுத்தவை என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாக ஒரே ஒரு படம் மிச்சம். நடுவில் ஸ்டேஷன், இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி, வலது பக்கம் மலை, வாசலில் ஐந்து ஊழியர்கள். அது எந்த ஊரோ, அங்கே ஒரு சின்ன அருங்காட்சியகம் வைக்கப்போகிறார்கள். கண்டுபிடிப்பவருக்கே அங்கே நிரந்தர வேலை.

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் எங்கள் ஸ்டேஷன்தான் என்று அறிக்கை எழுதினேன். தொட்டி அச்சாகப் பொருந்தியது. மலைதான் கொஞ்சம் இடித்தது.

மேஜையில் கிடந்த படத்தையும் அறிக்கையையும் எட்டிப் பார்த்த மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள்.

“நம்ம ஸ்டேஷன்ல ஏதுங்க மலை?”

“அப்ப இருந்துச்சு. ஜல்லிக்கு உடைச்சிருப்பாங்க.”

“முழு மலையையுமா?”

“தண்டவாளத்துக்கு நிறைய ஜல்லி வேணும்.”

“ஒரு கல்லு கூடவா மிச்சம் வைக்கல?”

“அரசாங்க வேலை. சுத்தமா செஞ்சிருப்பாங்க.”

“படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று ஊசியில் நூல் கோத்தாள். அவள் இப்படி ஒப்புக்கொண்டால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

“ஆனா அஞ்சு பேருக்கும் சட்டைப் பாக்கெட் வலது பக்கம் இருக்கே. எந்த டெய்லருங்க அப்படித் தைப்பான்?”

பார்த்தேன். ஐந்தும் வலது பக்கம்தான். படத்தையே இடம் வலமாகத் திருப்பி அச்சடித்திருக்கிறார்கள். பீரோக் கண்ணாடி முன்னால் பிடித்தேன். தொட்டி அந்தப் பக்கம் போனது, மலை இந்தப் பக்கம் வந்தது. என் மாமியார் ஊர் வந்தது. ஸ்டேஷனுக்கு எதிர்வீடு அவருடையது. கல்யாணமானதிலிருந்து, ஏதேதோ சாக்குச் சொல்லி, நான் இரண்டு நாளுக்கு மேல் தங்காத ஊர்.

பழைய அறிக்கையையே கொடுத்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் தெரிந்தே பொய்யில் கையெழுத்துப் போட எனக்குக் கை வராது. அது அவளுக்கும் தெரியும். கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டேன்.

“இப்ப திருப்தியா? ஆர்டர் வரட்டும். அப்புறம் வீட்டு ஓனர்கிட்ட காலி பண்றோம்னு மெதுவா சொல்லிக்கலாம்.”

“அவருகிட்ட போன வாரமே சொல்லிட்டேங்க. புதுசா குடிவர்றவங்க நாளைக்கு வீடு பாக்க வர்றாங்க.”