ரயில் வராத ஊரில் போர்டு பாய்

தண்டவாளம், எஞ்சின், பயணி எதுவுமே இல்லாமல் ரயில்வே நடத்திய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் மரக்காணம் போர்டு பாய்தான். ரயிலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் பஸ் பிடித்துத் திண்டிவனம் போக வேண்டும். இதை அவரிடம் எடுத்துச் சொன்னால், "ரயிலு பின்னாடி வரும் தம்பி, போர்டு முன்னாடி வரணும்" என்பார். அதற்கு மேல் அந்த ஆளிடம் என்னத்தைப் பேசுவது?

பூர்வீகம் கோட்டக்குப்பம். பாண்டிச்சேரி வழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்து, பிரான்ஸ் ரயில்வேயில் தண்டவாள கேங்கில் உழைத்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் சென்ட் பாட்டில் கொண்டு வருவார்கள். இவர் கொண்டு வந்தது அங்கே தண்டவாள ஓரம் நட்டிருக்கும் பலகைகளின் அர்த்தத்தை. மனைவி இறந்த பிறகும், அந்த அம்மாளின் ஊரான மரக்காணத்திலேயே, உப்பளத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தார். நான் அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். அவருடைய மகன் சலீம் பாரிஸிலிருந்து என் பூத்துக்குத்தான் போன் செய்வார். அதனால் அந்தக் குடும்பத்து ரகசியம் எதுவும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

உடைந்த மீன் பெட்டிகளின் பலகையில் பெயிண்ட் அடித்து உப்பளச் சாலை நெடுக நட்டார் மனிதர். 'எஸ்' என்றால் ஊது, அதாவது டிரைவர் இங்கே ஹாரன் அடிக்க வேண்டும். இதையே ஜெர்மன்காரன் 'பி' என்று எழுதுவானாம், இங்கிலீஷ்காரன் 'டபிள்யூ' என்று எழுதுவானாம். 'இசட்' என்றால் இங்கிருந்து மெதுவாகப் போ. 'ஆர்' வந்தால் பழைய வேகத்தைப் பிடி.

முதல் 'எஸ்' நட்ட மறுநாள் காலையில் அதன் கீழே ரேஷன் கார்டும் கையுமாக ஒரு கூட்டம் நின்றது. சுனாமி வந்து போன வருஷம் அது. எங்கள் கரையில் ஒரு போர்டு முளைத்தால் பின்னாலேயே நிவாரண லாரி வரும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். பாய் மணலில் கோடு போட்டு, பிரான்சில் ரயில் எப்படி வளைவில் திரும்பும் என்று விளக்கோ விளக்கென்று விளக்கினார். கடைசி வரை பொறுமையாகக் கேட்ட ஒரு அம்மாள், "எல்லாம் சரி பாய், அரிசி எப்ப தருவீங்க?" என்றாள்.

அவர் சட்டத்துக்கு அவரும் விலக்கில்லை. ஒருநாள் நான் பாண்டிச்சேரியில் பெண் பார்க்கப் போக வேண்டும், அவருடைய டி.வி.எஸ்.ஸில் பின்னால் ஏறித் தொலைத்தேன். 'இசட்' போர்டு வந்தது, வண்டி ஆமை வேகத்துக்கு வந்தது. 'ஆர்' போர்டை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்க் கோழிக்கூண்டுக்குக் கதவாக்கியிருந்தார்கள். ஆர் வராமல் எப்படி வேகம் எடுப்பது? கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க மாட்டுவண்டிகூட எங்களை முந்திக்கொண்டு போனது. நான் போய்ச் சேர்ந்தபோது பெண் வீட்டில் பஜ்ஜி ஆறிப்போய், பெண்ணின் அப்பாவுக்கு முகம் மாறிப்போயிருந்தது. அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

எதையும் பொறுத்துக்கொள்வார், போர்டுக்குத் தப்பர்த்தம் சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டார். ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலைக்காரர் 'எஸ்' என்றால் ஸ்டாப்தானே என்று கேட்டதற்கு, பிரியாணியைப் பாதியில் விட்டுக் கைகழுவிவிட்டு வந்தவர். சலீம் சின்ன வயதில் 'ஆர்'க்கு அர்த்தம் மாற்றிச் சொல்லிவிட்டான் என்று பெற்ற பிள்ளையோடு ஒரு வாரம் பேசவில்லையாம். உப்பு சுமக்கும் பெண்களோ கூடையை இறக்கி வைத்துவிட்டு 'எஸ்' போர்டடியில்தான் உட்காருவார்கள். "இது குந்துற போர்டு இல்ல, ஊதுற போர்டு" என்று தினமும் கத்துவார். அவர்களில் மூத்தவள் முனியம்மா, "நீ ஊது பாய், நாங்க குந்திக்கினு கேக்கறோம்" என்பாள்.

இந்தக் கூத்தெல்லாம் சலீம் காதுக்குப் போய்விட்டது. அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, ஊரே சிரிக்கிறது என்று யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். போனில் ஒரே பிடிவாதம்: வருகிறேன், கையோடு பாரிஸுக்குக் கூட்டிப் போகிறேன். பாய் கெஞ்சினார். கடைசியில் மகன் ஒரு நிபந்தனை போட்டார். பூத்துக்காரரைத் தவிர அந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்காவது போர்டுக்கு அர்த்தம் தெரிந்திருந்தால் விட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டுங்கள்.

போனை வைத்த பாய், மனைவியைப் புதைத்த பள்ளிவாசல் பக்கம் கையைக் காட்டினார். "அவ இங்கதான் அடங்கியிருக்கா தம்பி, அவள வுட்டுட்டு நான் எங்க போவேன்" என்றார். அன்றிலிருந்து உப்பளத்தில் டியூஷன் நடந்தது. டிராக்டர் டிரைவர், டீக்காரர், மேஸ்திரி, எல்லாரும் மாணவர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள், எல்லாரும் மறந்தார்கள். இத்தனைக்கும் மொத்தம் மூன்றே எழுத்து.

சலீம் வந்தார். அந்த நேரம் பார்த்து உப்பளத்தில் என்னைத் தவிர ஆண்பிள்ளைகள் ஒருவரையும் காணோம். முனியம்மாதான் மாட்டினாள். 'எஸ்' போர்டைக் காட்டி, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார் சலீம்.

முனியம்மா யோசிக்கவே இல்லை. "குந்துற எடம் தம்பி. சொமைய எறக்கி வச்சிட்டு செத்த நேரம் குந்தணும். உங்கப்பா எங்களுக்காகத்தான் நட்டாரு."

எனக்கு உயிரே போய்விட்டது. சலீம் அப்பா பக்கம் திரும்பினார். "அப்டியா அத்தா?"

பாய் வாயைத் திறந்தார். ஊது, ஊது என்று தொண்டை வரை வந்திருக்கும். போர்டைப் பார்த்தார், முனியம்மாவைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார். "ஆமாம்பா" என்றார் மெல்ல. "குந்துற எடம்தான். பிரான்ஸ்லயும் அதான் அர்த்தம்."

ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைக்கு அது பொய் என்று தெரியாதா? சலீம் அப்பாவின் தோளைப் பிடித்து அந்தப் போர்டடியில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாரிஸுக்குத் தனியாகத்தான் திரும்பிப் போனார்.

எங்களோடு இருப்பதற்காக அந்த மனிதர் பிரெஞ்சு ரயில்வேயையே காட்டிக்கொடுத்தார். அவர்மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு அது ஒன்றே போதும்.