டம்ளர் ஜோசியர் வால்பாறை போன கதை

எதிரே உட்கார்ந்திருப்பவர் மனசில் என்ன ஓடுகிறது என்பதை, அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் சொல்லிவிடக்கூடிய மனிதர் கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். சாமியார் இல்லை. காந்திபுரத்தில் நான் வேலை பார்த்த மோட்டார் பம்ப் கம்பெனி ஆபீசில் டெஸ்பாட்ச் கிளார்க், தனிக்கட்டை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே சேர்ந்தபோதே அவருக்கு 'டம்ளர் ஜோசியர்' என்ற பெயர் நிலைத்துவிட்டிருந்தது. வருகிறவர் காபி டம்ளரை எப்படி வாங்குகிறார், எவ்வளவு மிச்சம் வைக்கிறார் என்று பார்த்தே ஆள் மனசைச் சொல்லிவிடுவார்.

உடுமலையிலிருந்து ஒரு டீலர் வந்தார். மோட்டாரைத் தடவிப் பார்த்து, "ரொம்ப அருமைங்க, ஊட்ல கலந்து பேசிப்போட்டு நாளைக்கே வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் ஆர்டர் புத்தகத்தைத் திறந்தார்.

"மூடிப்போடுங்க. அவரு வரமாட்டாருங்க" என்றார் ஜோசியர்.

"ஏனுங்க, இப்பத்தானே அருமைன்னாரு?"

"அருமைன்னு சொன்னாரு. வெலை கேட்டாருங்களா? காபியில பாதி அப்படியே இருக்குது பாருங்க."

டீலர் இன்றுவரை வரவில்லை.

காபிக்கு அவர் வைத்திருந்த சட்டம் தனி. "ஒருக்கா வேண்டாம்னா வேணும்னு அர்த்தம். ரெண்டாவது வேண்டாம்னா கட்டாயம் வேணும். எந்திரிச்சு நின்னு, கும்பிட்டு வேண்டாம்னாத்தான் வேண்டாம்." இந்தச் சட்டப்படி, சர்க்கரை வியாதிக்காரரான எங்கள் ஆடிட்டருக்கு ஒரே காலையில் மூன்று காபி ஊற்றப்பட்டது. நான்காவது வருவதைப் பார்த்துத்தான் மனிதர் எழுந்து நின்று கும்பிட்டார். "பாத்தீங்களா, இப்பத்தான் நெசமாலுமே வேண்டாம்னு இருக்காரு" என்றார் ஜோசியர், பூரிப்போடு.

நாங்கள் சிரித்தாலும் அவரை நம்பினோம். பத்துக்கு ஒன்பது பலித்தது. அந்தப் பத்தாவதில் நான் மாட்டிக்கொண்டேன்.

ஆபீஸ் டைப்பிஸ்ட் கிருபாவைக் கல்யாணம் செய்துகொள்ள நான் ஆசைப்பட்டேன். அவளுக்கும் ஆசை. என் வீட்டில் ஆறு மாதம் அழுது ஓய்ந்து சரி சொல்லியிருந்தார்கள். பாக்கி அவள் அப்பா மட்டும்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசர். பையனைப் பார்க்க ஒரு சனிக்கிழமை ஆபீசுக்கே வந்துவிட்டார்.

உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"என்ன தம்பி, காத்தடிச்சா பறந்துருவ போலிருக்கே? ஒடம்புக்கு ஏதும் சீக்கா?"

"இல்லீங்க."

"சம்பளம் எம்புட்டு? கையில நிக்குமா, சீட்டாடித் தொலைப்பியா?"

"இல்லீங்க... பாத்துக்கலாமுங்க."

போண்டா இரண்டு தின்றார். காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சீனி பத்தல, இன்னொண்ணு போடச் சொல்லு" என்றார். போகும்போது என் முதுகில் ஓங்கி ஒரு அறை. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தலை மறைந்ததும் ஜோசியர் என்னைத் தனியே கூட்டிப்போனார். முகம் இருண்டிருந்தது.

"விட்டுப்போடுங்க தம்பி. நடக்காது."

"போண்டாவெல்லாம் தின்னாரேங்க! கை நனைச்சா சம்மதம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது பஸ்ல வந்த பசிங்க. கணக்குல சேராது. மொத சந்திப்புல ஒரு 'ங்க' இல்லை. காபியக் கேட்டு வாங்குறாரு. இனி இந்தப் பக்கமே வரப்போறதில்லைன்னு இருக்கறவன்தான் அப்படிப் பண்ணுவான். வேண்டாம்னு இருக்கறவங்ககிட்டப் போயி நாம கேக்கறது மரியாதையுமில்லைங்க."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நானும் இந்த ஊர்க்காரன்தானே. மூன்று வாரம் கிருபாவின் கண்ணைப் பார்க்காமல் நடமாடினேன். பொள்ளாச்சியில் மாமா பார்த்துவைத்த பெண்ணின் ஜாதகம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

நான்காவது வாரம் கிருபா டைப்ரைட்டரை விட்டு எழுந்து நேராக என் மேஜைக்கு வந்தாள். ஆபீசே பார்த்தது.

"எங்கப்பா தெனமும் போன்ல கேக்காவ, அந்தப் பையன் ஏன் பதிலே சொல்லலன்னு. இஷ்டமில்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க. நான் அழுதுட்டுப் போயிருதேன்."

ஜோசியர் கையிலிருந்த பார்சல் நழுவிக் கீழே விழுந்தது.

மறுநாள் விடிந்ததும் வால்பாறை பஸ் ஏற உக்கடம் ஸ்டாண்டுக்குப் போனால், ஜோசியர் எனக்கு முன்னால் வந்து நின்றார். "தப்புப் பண்ணுனவன் நானுங்க. நானே வாரேன்." ஆழியாறு தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததும், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். வால்பாறையில் இறங்கும்போது அவரை நான்தான் தாங்கிப் பிடித்தேன்.

கிருபாவின் அப்பா வாசலில் நின்றிருந்தார். உள்ளே கூட்டிப்போய்க் கொடுத்த காபியை ஜோசியர் தொடவில்லை, சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது. நான் அறிந்து வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதரை நேருக்கு நேர் கேட்டார்.

"ஏனுங்க... உங்க மனசுல என்னங்க இருக்குது?"

"எளவு, இதுக்காவே இம்புட்டுத் தூரம் வந்தீரு? எனக்கு அன்னைக்கே புடிச்சுப் போச்சுவே! புடிக்காதவன்கிட்ட சம்பளம் கேப்பேனா, சீக்கு கேப்பேனா? 'வாங்க, இருங்க, ரொம்ப சந்தோசம்'னு மரியாதையாப் பேசி அனுப்பிவச்சிருப்பேன். இந்தத் தம்பிதான் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு ஒட்டாமப் பேசுனான். சரி, அவனுக்கு எம்மவளப் புடிக்கலன்னு நெனச்சிட்டேன்."

திரும்பும் பஸ்ஸில், வாந்தி நின்ற ஒரு இடைவெளியில், ஜோசியர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் ஒரு எடம் பாத்தாங்க தம்பி, தாராபுரத்துப் பக்கம். பொண்ணோட அப்பாரு கலகலன்னே பேசலை. வேண்டாம்னு இருக்காருன்னு நானா முடிவு பண்ணிப்போட்டேன். கேக்கவே இல்லைங்க."

கிருபாவுக்கும் எனக்கும் அந்தத் தை மாதமே கல்யாணம். ஜோசியர் பந்தியில் ஒவ்வொரு இலையாகக் குனிந்து, "போதுமுங்களா, வேணுமுங்களா? வாயைத் தொறந்து சொல்லிப்போடுங்க" என்று கேட்டுக்கொண்டே போனார்.

அவர் இப்போது இல்லை. அவர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பதை ஒருநாளும் நான் சொல்லவில்லை. அவருக்குத்தான் தெரிந்திருக்குமே என்று இருந்துவிட்டேன். அவர் ஒரு தடவையாவது என்னைக் கேட்டிருக்கலாம்.