பூமித்தாயின் தாகம்

தரை நுரைத்தது.

ஊர்த்தலைவர் செனோபியோ பாட்டிலைச் சாய்த்த இடத்தில் முதலில் ஒரு சீறல் கேட்டது. அப்புறம் வெள்ளையாகப் பொங்கியது. சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்கள். கம்பெனிக்குச் சாமான் வாங்கித் தரும் நெமேசியோ மட்டும் பாட்டிலையே உற்றுப் பார்த்தான்.

"பாத்தியா தம்பி, பூமித்தாயிக்கு எவ்ளோ தாகம்!" என்றார் செனோபியோ.

"சாராயம் ஊத்தினா இப்படி நுரைக்குமாண்ணே?"

"நல்ல சாராயம்னா நுரைக்கும். நீ வாங்கிட்டு வந்ததாச்சே, சும்மாவா?"

நெமேசியோ ஒரூரோ நகரத்திலிருந்து நல்ல சாராயம்தான் வாங்கி வந்திருந்தான். ஆனால் செனோபியோவின் கையில் இருந்தது அதில்லை. அது தண்ணீர் கலந்த ஆசிட். சுண்ணாம்புக்கல்லில் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும், வேறு கல்லில் விட்டால் பேசாமல் கிடக்கும். இந்த மலை சிமெண்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்ல இன்ஜினியர் அராமாயோ அம்மா நம்பியிருந்தது அதைத்தான். அம்மாவுக்குச் சமவெளி ஊர். இந்த உயரம் ஒத்துக்கொள்ளாமல், தலைவலியோடு கூடாரத்துக்குள் கோகா இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஊத்துங்க," என்றாள் சமையல்காரி பாஸ்குவாலா. "ஊத்த ஊத்தக் கேக்குறா பாருங்க."

அடுத்த பாட்டிலையும் திறந்தார்கள். அதுவும் ஆசிட்தான். அதுவும் நுரைத்தது. பெண்கள் நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

"நீங்கள் உங்கள் தாய்க்கு ஊற்றியது ஆசிட்" என்று அந்த ஊருக்கு நடுவில் நின்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? எல்லார் கையிலும் கல் உடைக்கக் கொடுத்த புதுச் சுத்தியல் வேறு இருந்தது. நெமேசியோவே பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய சுத்தியல்.

பொறுக்குவதில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. தலையும் பிடியும் ஒரே இரும்பாக இருக்கிற சுத்தியல்தான் வேண்டும் என்று கடையில் அடம்பிடித்தான். மரப்பிடி போட்டது வேகமாக அடிக்கும்போது கழன்று, பக்கத்தில் நிற்பவன் மண்டையைத் தேடிப் போகும். கண்ணாடி பக்கவாட்டிலும் மூடியிருக்க வேண்டும். கல்லிலிருந்து தெறிக்கும் சில்லு நேராகத்தான் வருவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பூட்ஸைச் சுவரில் உதைத்துப் பார்த்தான். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கடைத் தூணில் முட்டிப் பார்த்தான். கடைக்காரர் கடைசியில், "இன்னும் எதையாவது உதைக்கணும்னா என்னை உதைச்சிட்டுக் கிளம்புங்க சார்," என்று கும்பிட்டார்.

இத்தனை அக்கறைக்கும் காரணம் ஒரு நாற்காலி. நெமேசியோ ஒரூரோ சந்தையில் மூட்டை தூக்கியே முதுகு வளைந்தவன். இந்த மலை தேறினால் இங்கே ஃபாக்டரி வரும், ஃபாக்டரியில் சாமான் அறைக்கு அவனே பொறுப்பு, நிரந்தர வேலை என்று கம்பெனி சொல்லியிருந்தது. சாமான் அறையில் ஒரு நாற்காலி இருக்கும். உட்கார்ந்திருப்பதற்கு யாராவது சம்பளம் தருவார்கள் என்று அதுவரை அவன் கேள்விப்பட்டதில்லை.

தப்பு பாட்டிலில் நடந்தது. மூக்கு கூர்மையான வெள்ளைப் பாட்டில் ஒன்று சொட்டுச் சொட்டாக விட வசதியாக இருந்ததால், ஆசிட்டுக்கும் சாராயத்துக்கும் அதையே வாங்கிவிட்டான். வித்தியாசம் தெரிய ஆசிட் பாட்டில் கழுத்தில் சிவப்புக் கம்பளி நூல் கட்டினான். முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னான்.

"சிவப்பு நூல் கட்டினதைத் தொடவே கூடாது. கண்ணுல பட்டா கண்ணு போச்சு. வாயில பட்டா வயிறு போச்சு."

"எது தம்பி? இன்னொரு தடவை காட்டு," என்று கேட்டார் செனோபியோ. நெமேசியோ பொறுமையாக இன்னொரு தடவை காட்டினான்.

ஆனால் புதுச் சாமானை அலங்கரிக்காமல் எப்படிப் பூமித்தாயின் முன்னால் வைப்பது? மறுநாள் காலையில் ஊரே கூடி, சுத்தியலுக்கு, ஹெல்மெட்டுக்கு, பூட்ஸுக்கு, எல்லாப் பாட்டிலுக்கும் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தது. சமையல் சட்டியைக்கூட விடவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவனுக்கு ஆறுதலாக இருந்தது. அவன் சொல்லாமலேயே எல்லோரும் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டுதான் சடங்கு செய்தார்கள். பாதுகாப்புப் பாடம் நெஞ்சில் இறங்கியிருக்கிறது என்று பெருமைப்பட்டான். அதைவிடப் பெரிய புண்ணியம், யாரும் ஒரு வாய் குடிக்கவில்லை. வழக்கமாக நிலத்துக்கு ஒரு சொட்டு, தொண்டைக்கு ஒரு குவளை என்று போகிற ஊர் அது.

"இன்னிக்கு அவளுக்கே பத்தாது," என்று சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள்.

நெமேசியோ பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான். ஆசிட் சுத்தமாகக் காலி.

கூடாரத்திலிருந்து குரல் வந்தது. "நெமேசியோ, தலைவலி கொஞ்சம் தேவலாம். மத்தியானம் மலைக்குப் போலாம். ஆசிட் எடுத்து வைங்க."

"வச்சாச்சும்மா," என்றான். நேராகச் சமையல் கொட்டகைக்கு ஓடினான்.

"பாஸ்குவாலாம்மா, வினிகர் இருக்கா?"

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வெங்காயம் ஊறப்போட வைத்திருந்த வினிகர் கேனைத் தூக்கி அவன் காலடியில் வைத்தாள். "பத்தலேன்னா சொல்லுங்கண்ணே, பக்கத்து வீட்டுலயும் வாங்கித் தரேன்."

இப்படிப்பட்ட ஊருக்கு ஃபாக்டரி வரத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

வினிகரை ஆசிட் பாட்டிலில் நிரப்பினான். அதில் ஒரு சிக்கல் இருந்தது. மூடியைத் திறந்தாலே ஊறுகாய் வாசனை தூக்கியது. யோசித்தான். சாமான் பெட்டியிலிருந்து தூசி முகமூடி ஒன்றை எடுத்துப்போய் அம்மாவிடம் நீட்டினான்.

"இது எதுக்கு?"

"பாதுகாப்பும்மா. ஆசிட் ஆவி நுரையீரலைத் தின்னுடும்."

"தண்ணி கலந்த ஆசிட்தானே, நெமேசியோ?"

"நுரையீரலுக்கு அது தெரியாதும்மா."

அம்மா முகமூடியை மாட்டிக்கொண்டார். அதன்மேல் கண்ணாடி. மூச்சு விட விடக் கண்ணாடியில் பனி படர்ந்தது. ஒரு கல்லை உடைத்து, துடைத்து, சொட்டு விட்டார். வெகு நேரம் கழித்து ஒரு குமிழி வந்தது. அதற்குத் துணையாக இன்னொன்று வந்தது. அத்தோடு சரி.

"நோஞ்சான் நுரையா இருக்கே," என்றார் அம்மா. "மக்னீசியம் கலந்த கல் போலிருக்கு. சிமெண்டுக்கு ஆகாது. இந்தக் கல்லுங்களை இப்படியே விடுங்க. நாளைக்கு இன்னொரு தடவை பார்த்துட்டுக் கம்பெனிக்குச் சொல்லிடறேன்."

நெமேசியோவின் மனசுக்குள் நாற்காலி ஒரு காலை இழந்து சாய்ந்தது.

செனோபியோ வீட்டு வாசலில் கன்னம் புடைக்கக் கோகா இலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இலையோடு சேர்த்து மெல்ல அந்த ஊரில் எல்லோரும் சோடா உப்பு வைத்திருப்பார்கள். சோடா உப்பில் வினிகர் பட்டால் பொங்கும் என்பது, பாத்திரம் தேய்த்த யாருக்கும் தெரியும்.

"கொஞ்சம் சோடா உப்பு கிடைக்குமாண்ணே?"

"கன்னத்துக்கா?"

"ஆமா. கன்னத்துக்குத்தான்."

"எவ்ளோ வேணும்?"

நெமேசியோ கையை விரித்துக் காட்டினான்.

"பெரிய கன்னம் போல," என்றார் செனோபியோ. எழுந்து போய் வீடு வீடாகக் கேட்டு, ஒரு மாவுச் சாக்கு நிறையக் கொண்டுவந்தார். "வச்சுக்கோ தம்பி. மிச்சம் வச்சுத் திருப்பித் தரணும்னு நினைக்காதே."

அம்மா தலைவலிக்குப் படுத்திருந்த நேரமாகப் பார்த்து நெமேசியோ மலையேறினான். கையுறை போட்டு, அடையாளமிட்ட கற்களில் உப்பை ஈரத்தோடு அழுத்தித் தேய்த்தான். அவன் மறந்தது பிற்பகல் காற்றை. அந்த மேட்டு நிலத்தில் பிற்பகலானால் காற்று ஆளையே தள்ளும். சாக்கின் வாய் அவிழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் பாதி மலை, கூடாரம், காயப்போட்ட பூட்ஸ், மேய்ந்துகொண்டிருந்த லாமாக்கள் எல்லாமே மங்கலாக வெளுத்துவிட்டன. நெமேசியோ ரொட்டி சுடுகிறவனைப் போல இறங்கி வந்தான்.

மறுநாள் அம்மா அதே கல்லில் சொட்டு விட்டார். கல் வெடித்ததுபோல் பொங்கியது.

"நேத்து இதே கல்தானே?"

"மலைக்கும் உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்மா. உயரம் ஒத்துக்கலையோ என்னவோ."

"மலைக்கா?"

நெமேசியோ வேறு பக்கம் பார்த்தான். அம்மா நகர்ந்துபோய், நுரைக்கவே கூடாத கறுப்பு எரிமலைக்கல் ஒன்றில் சொட்டு விட்டார். நுரைத்தது. பிறகு தன் சுத்தியலில் விட்டார். நுரைத்தது. பூட்ஸில் விட்டார்.

"பூட்ஸும் நுரைக்குது, நெமேசியோ."

"நல்ல பூட்ஸும்மா. நானே உதைச்சுப் பாத்து வாங்கினது."

என்ன நடக்கிறதென்று பார்க்க வந்த லாமா ஒன்று பாட்டிலை முகர்ந்தது. அம்மா பாட்டிலைச் சட்டென்று இழுத்ததில் ஒரு சொட்டு அதன் முதுகில் விழுந்தது. முதுகு சீறியது. லாமா நெமேசியோவைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு நடந்தது.

"லாமா சுண்ணாம்புக்கல் இல்லையே," என்றார் அம்மா.

"இல்லம்மா. அது நிச்சயம்." உடனே அடுத்த யோசனை வந்துவிட்டது. "எல்லாம் தூசிம்மா. கல்லையெல்லாம் கழுவிட்டா சரியாயிடும்."

கழுவ ஆள் தேடவே வேண்டியிருக்கவில்லை. அவன் வாய் மூடுவதற்குள் பாஸ்குவாலாவும் மற்றப் பெண்களும் மலை உச்சி ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தலைவலி விட்ட நேரங்களில் அம்மா மலையின் ஒவ்வொரு பக்கத்திலும் உடைத்து, எண் எழுதி, தார்ப்பாயில் வரிசையாக வைத்திருந்த கற்களை மணல் போட்டுத் தேய்த்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் தேய்த்தார்கள். கல்லெல்லாம் பளபளவென்று ஆனது. ஒரு கல்லிலும் எண் இல்லை.

"பெருசுலேருந்து சிறுசு வரைக்கும் அழகா அடுக்கிட்டோம்மா," என்று பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள் பாஸ்குவாலா.

எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று இனிக் கல்லுக்குத்தான் தெரியும்.

அம்மா முகமூடியைக் கழற்றினார். அங்கே வந்தபிறகு முதல் தடவையாக ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். பாதியில் நிறுத்தி, கையிலிருந்த பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நெமேசியோவைப் பார்த்தார். அவன் ஹெல்மெட் வாரைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று அவனுக்கு இருந்தது.

"இன்னிக்கு நான் கம்பெனிக்குப் பதில் சொல்லியாகணும். என்னன்னு சொல்றது? கல்லு நுரைக்குது, பூட்ஸ் நுரைக்குது, லாமா நுரைக்குதுன்னா?"

நெமேசியோ கையுறையைக் கழற்றி மடித்தான்.

"இந்த மலையே வேண்டாம்னு சொல்லிடறேன். இனி இங்கேருந்து எதைக் கொண்டுபோனாலும் யாரும் நம்பமாட்டாங்க. ஆத்துக்கு அந்தப்பக்கம் ஆளில்லாத பொட்டல் மலை ஒண்ணு இருக்கு. அதைப் பாத்துக்கட்டும்." ஜீப்பில் ஏறும்போது திரும்பினார். "நீங்க பொறுக்கின சுத்தியல், கண்ணாடி எல்லாமே அருமை. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. அதை எழுதறேன்."

"ரொம்ப நன்றிம்மா. அப்போ அந்த மலைக்கு நானும்..."

"சாமான் போதும், நெமேசியோ. நீங்க வேண்டாம்."

ஜீப் தூசி கிளப்பிக்கொண்டு போனது. நெமேசியோ ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தான். நன்றாகக் கழுவிய கல். இனி அவனுக்கு வாய்த்த நாற்காலி இதுதான். நாளைக்கு ஒரூரோ பஸ், அதற்கு மறுநாள் மூட்டை.

பாஸ்குவாலா சூடாக உருளைக்கிழங்கு சூப் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் செனோபியோவும் ஊர்க்காரர்களும் வந்து நின்றார்கள். அத்தனை முகத்திலும் இருந்த அன்பை அவனால் தாங்க முடியவில்லை. சூப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"ஒரு பாவத்தைச் சொல்லிடறேன். அன்னிக்குத் தரை நுரைச்சது தாகத்தால இல்ல. நீங்க ஊத்தினது சாராயமே இல்ல, ஆசிட். தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல. அதை மறைக்கத்தான் வினிகரு, சோடா உப்பு, கழுவினது எல்லாமே. கம்பெனி வச்ச கூட்டத்துல நீங்க எல்லாரும் தலையாட்டிச் சம்மதம் சொன்னீங்க. ஃபாக்டரி வந்திருக்கும், ரோடு வந்திருக்கும். எல்லாம் என்னால போச்சு. என்னை என்ன வேணா பண்ணுங்க."

யாரும் எதுவும் பண்ணவில்லை. செனோபியோ கன்னத்து இலையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினார். பாஸ்குவாலா சூப்பை எடுத்து மறுபடியும் அவன் கையில் வைத்தாள்.

"ஆறிடப்போகுது, குடிங்கண்ணே," என்றாள். "எங்க மலையைக் காப்பாத்த நாங்க போட்ட திட்டம் அந்த ஆசிட்டைக் கொட்டுறதோட முடிஞ்சுது, மீதியெல்லாம் நீங்களா பாத்துப் பண்ணிக் கொடுத்தது."