ஜவ்வரிசி ஏற்றிய ரேஸ் கார்

உடம்பு இளைக்க வேண்டும் என்று ஆளாளுக்கு என்னென்னவோ செய்கிறார்கள். நான் என் ஆயுளில் ஒரே ஒரு முறை இளைத்திருக்கிறேன், அதுவும் ஒரு காருக்காக. (இப்போது என்னைப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போங்கள்.)

எண்பதுகளின் தொடக்கம். திருச்செங்கோட்டில் அப்பாவுக்கு லாரிப் பட்டறை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கு பாடி கட்டுவது, எஞ்சின் பிரித்துப் பூட்டுவது எல்லாம் அங்கே நடக்கும். அப்பா ஆறடி உயரம். மீசையைப் பார்த்தே பாதிப் பேர் சண்டையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காலேஜ் முடித்த கையோடு, கணக்கு எழுதுகிறேன் என்ற பேரில் பட்டறைக்குப் போன நான், நாலே நாளில் பேனாவைப் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன். அந்த கிரீஸ் வாசம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. "பொட்டப் புள்ளைக்கு அங்க என்ன வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்கக் கேட்க, அப்பாவும் என்னைப் பார்த்து முறைக்க ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் முருகேசன் ஒரு ரிக் முதலாளியின் மாட்டுக்கொட்டகையில் கிடந்த பழைய சின்னக் காரைப் பிடித்து வந்தான். மெட்ராஸ் பக்கத்தில் கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கிறதாம். வளைவு, நெளிவு எதுவும் கிடையாது. நேர்கோட்டில் கால் மைல் தூரம், ஜோடி ஜோடியாக கார்களை விடுவார்கள். நானும் குதித்துவிட்டேன்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார். "கப்பு கொண்டாந்தீன்னா பட்டறைக்கு வா சாமி. இல்லீன்னா அத்தோட ஊட்டுல இருந்துக்கோணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். எனக்குத் திமிர் அப்போதே ஜாஸ்தி.

ரேஸ் கார் என்றால் எடை குறைய வேண்டும். எங்கள் பட்டறை ஆட்களுக்கோ எதைச் செய்தாலும் யானை ஏறி நின்றாலும் தாங்குகிற மாதிரிதான் செய்யத் தெரியும். காலையில் நாங்கள் கழற்றிப் போட்டதை, "பாவம், வலுவில்லாம இருக்குதுங்க" என்று சாயங்காலம் இரும்புப் பட்டை வைத்து வெல்டு அடித்துவிடுவார்கள். அதைத் திரும்ப அறுப்போம். பின் சீட்டு போயிற்று, கண்ணாடிகள் போயின, கதவுக்குள் இருந்த தகடெல்லாம் போயிற்று. கடைசியில் அடித்தகட்டில் டிரில் வைத்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை ஓட்டையாகப் போட்டோம்.

அப்பா குனிந்து பார்த்தார். "ஏஞ்சாமி, இது காரா, இட்லித் தட்டா?"

அண்ணன் ஓட்டுவதாகத்தான் ஏற்பாடு. அவன் உட்கார்ந்ததும் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாங்கள் மாதக்கணக்கில் குறைத்த எடையைவிட அவன் வயிறு கூடுதல். ஆக, ஓட்டுவது நான் என்று முடிவாயிற்று. லாரியையே பட்டறைக்குள் முன்னும் பின்னும் ஓட்டிப் பழகியவள்தானே! அன்றிலிருந்து எனக்குக் கொள்ளு ரசம் மட்டும்தான். "புள்ள துரும்பாப் போயிட்டாளே" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள்.

ஒரு விடியற்காலையில் சங்ககிரி ரோட்டில் சோதனை ஓட்டம். கிளட்சை விட்டதும் பின்சக்கரங்கள் புகை கக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றின. கார் நகரவில்லை. பின்பக்கம் எடையே இல்லாவிட்டால் சக்கரம் ரோட்டைப் பிடிக்காது என்பது இரண்டு மேதைகளுக்கும் உறைக்கவில்லை. எடை இன்னும் குறையவில்லை போல என்று கூடிப் பேசி, மேற்கொண்டு ஓட்டை போட்டோம். (சிரிக்காதீர்கள். நான் பி.எஸ்ஸி. பௌதிகம்.)

பந்தயத்துக்கு காரை எங்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் போனோம். லாரியைக் காலியாக விட அப்பாவுக்கு மனசு வருமா? மிச்ச இடத்தில், மெட்ராஸ் கடைக்காரர்களுக்கென்று ஜவ்வரிசி மூட்டைகளை அடுக்கிவிட்டார். வழியில் எல்லாவற்றையும் இறக்கியது போக, கடை பூட்டியிருந்ததால் ஒரு மூட்டை மட்டும் தங்கிவிட்டது.

மைதானத்தில் காரைச் சோதித்து அனுமதித்தார்கள். அண்ணன் முடிவுக் கோட்டுக்குப் போய்விட்டான். நான் ஹெல்மெட்டுக்குள் சடையைத் திணிக்கப் போராடிக்கொண்டிருந்தேன். பின்னால் 'பொத்'தென்று ஒரு சத்தம், கார் கொஞ்சம் அமுங்கியது. கொள்ளு ரசம் வேலை செய்யவில்லையோ என்று பயந்துபோனேன்.

நடந்தது என்னவென்றால், புது வண்டி முதல் நடை காலியாகப் போகக்கூடாது என்பது எங்கள் லாரிக்காரர்கள் வழக்கம். உப்போ மஞ்சளோ ஏதாவது ஏற்றித்தான் கிளப்புவார்கள். மகள் முதல்முறை ஓட்டுகிறாளே என்ற பாசத்தில், அப்பா அந்த ஜவ்வரிசி மூட்டையைத் தூக்கி என் சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டார்!

கொடி விழுந்தது. ஐயோ, அந்தப் பாய்ச்சல்! மூட்டை அழுத்தியதில் சக்கரங்கள் தரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டன. பக்கத்துக் காரில் வெள்ளை உடுப்புப் போட்டிருந்த மெட்ராஸ்காரர் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். நான் ஹெல்மெட்டுக்குள் ஓவென்று கத்தினேன். அதுபோல ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பு வந்ததே இல்லை. கோட்டை முதலில் தாண்டியது நான்தான்.

இறங்கித் திரும்பிப் பார்த்தேன். ஓடுதளம் நெடுக வெள்ளையாக ஒரு கோடு. ஓட்டைகளின் பிசிறை நாங்கள் அரம் வைத்து ராவி எடுக்கவில்லை. அது சாக்கைக் கிழித்து, ஜவ்வரிசி முழுக்க இட்லித் தட்டு வழியாக இறங்கியிருந்தது. மெட்ராஸ்காரரின் கார், தன் பக்கம் உருண்டு வந்த ஜவ்வரிசிமேல் ஏறி இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த பக்கமே பார்த்து நின்றிருந்தது. நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரைத் தூக்கப் போனவர் வழுக்கி விழுந்தார், விழுந்தவரைத் தூக்கப் போனவரும் விழுந்தார்.

பந்தய அதிகாரி பாதி நடந்தும் பாதி சறுக்கியும் வந்து சேர்ந்தார். "ஜெயிச்சது செல்லாது! வண்டி ஓனர் யாரு? அந்த ஆளு இனிமே இந்த மைதானத்துல கால் வைக்கக் கூடாது!"

கப்பு போயிற்று, பட்டறையும் போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். ஊரே நடுங்கும் எங்கள் அப்பா, தோளில் இருந்த துண்டை மெதுவாக எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "ஓனரு இந்தப் புள்ளதானுங்க. பட்டறையே இவளுதுதானுங்க. நான் சும்மா லோடு ஏத்தற ஆளுங்க."

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"ஆமாங்க, பட்டறை என்னுதுதான்," என்றேன். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

தலை முழுக்க ஜவ்வரிசியோடு நின்ற மெட்ராஸ்காரர், "நான் கேட்டேம்மா" என்று கை தட்டினார். நான் அப்பாவிடம் திரும்பினேன். "ஏனுங்க லோடுக்காரரே, தொடப்பத்தை எடுங்க."

மீசை ஒரு முறை துடித்தது. பிறகு மனுஷர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இருட்டும் வரை மூன்று பேரும் கூட்டினோம்.

ஊருக்கு வந்ததும் பட்டறைச் சாவியை என் முன்னால் வைத்தார். "நாலு பேரு முன்னால சொல்லிப்போட்டு மாத்திப் பேசறவனா நானு?" என்றார். 

அடுத்த வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு பட்டறைக்குப் போறத நிறுத்திக்குமுங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார்கள்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டார். "அதையெல்லாம் ஓனரைத்தான் கேக்கோணுமுங்க. நான் லோடு ஏத்தற ஆளு."

அவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். இந்தக் கதை ஊரெல்லாம் பரவி, எருமப்பட்டி வரைக்கும் போயிருக்கிறது. அங்கிருந்து அடுத்து வந்த மாப்பிள்ளை, அப்பாவை விட்டுவிட்டு நேராக என்னிடமே கேட்டார்.

"ஏனுங்க ஓனரு, லோடு ஏத்த இன்னொரு ஆளு வேணுங்களா?"

இப்போது எங்கள் வீட்டில் யார் எதைக் கெடுத்தாலும், ஓனரைக் கேளுங்கள் என்று என்னைக் கை காட்டிவிட்டு நழுவ இரண்டு பேர் இருக்கிறார்கள்.