தனி வீடு

"கையைத் தூக்குங்க" என்றாள் மனைவி.

யாரோ ஒருவருடைய வீட்டின் காலிச் சமையலறையில் நின்றிருந்த ஃபோர்மேன் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"ரெண்டும் வேணாம். ஒண்ணு போதும். மேல் தட்டு எட்டுதா?"

"எட்டுது. நான் எதுக்கு எட்டணும்? சமைக்கப்போறது நீயா, நானா?"

"சும்மாதான் பார்த்தேன்." அவள் ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள். "பக்கத்துல யாரு இருக்காங்க?"

"யாருமே இல்லம்மா!" என்றார் தரகர், அந்த ஏற்பாட்டைத் தாமே செய்ததுபோல. "கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு ஈ காக்கா கிடையாது. சார் கேட்ட மாதிரி சுத்தமான தனி வீடு."

"அப்ப வேணாங்க" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

தூக்கிய கையை இறக்கக்கூட ஃபோர்மேனுக்குத் தோன்றவில்லை. போன வாரம் பார்த்த வீட்டையும் இதே காரணத்துக்காகத்தான் தள்ளினாள். அதற்கு முந்தைய வீட்டையும் அப்படித்தான்.

அவர் ஒன்றும் அரண்மனை கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாழ்ந்ததெல்லாம் ஆலைக் குடியிருப்பில். தீப்பெட்டியை அடுக்கி வைத்ததுபோல வீடுகள். இடது பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இவருக்குத் தொண்டை கரகரக்கும். வலது பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால், நியாயம் யார் பக்கம் என்று இவரும் மனைவியும் இங்கே சண்டை போடுவார்கள். மாடியில் இருந்த குடும்பத்துக்கு நாற்காலியைத் தூக்கி வைக்கலாம் என்ற விஷயமே தெரியாது. இழுத்தே காலத்தை ஓட்டினார்கள். ஒருமுறை நாள்காட்டி மாட்ட இவர் சுவரில் ஆணி அடிக்கப்போக, அந்தப் பக்கம் மாட்டியிருந்த நிலைக்கண்ணாடி விழுந்து சுக்குநூறானது. ரிட்டையர் ஆனதும் தனி வீடுதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். நாலு சுவரும் தன்னுடையது. எந்தச் சுவரில் வேண்டுமானாலும் ஆணி.

ஓர் ஆணிக்காக ஒரு மனிதன் இத்தனை காலம் காத்திருந்தான் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் பாவம், அவர் வேறு எதையுமே கேட்டதில்லை.

ஆலையில் அவர் தொண்டையைச் செருமினால் ஒரு ஷிஃப்டே நிமிர்ந்து நிற்கும். வீட்டில் கதை வேறு. மூக்கின்மேல் இருக்கும் கண்ணாடியை மனைவிதான் கண்டுபிடித்துத் தர வேண்டும். சர்க்கரை எது, உப்பு எது என்று நக்கிப் பார்த்தால்தான் தெரியும். ராட்சத மெஷின்களைக் கழற்றி மாட்டிய அந்தக் கைக்கு, வீட்டு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது. மகள் தூர தேசத்தில் குடும்பமும் குழந்தையுமாக இருந்தாள். ஆக, அவர் கேட்டபோது தண்ணீர் தருவதற்கும், கேட்காதபோது மாத்திரை தருவதற்கும் உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான்.

அந்த ஓர் ஆள் இப்போது வீட்டு விஷயத்தில் பிடி கொடுக்க மறுத்தாள். பார்க்கிற வீட்டிலெல்லாம் அவருக்கு ஏதாவது ஒரு பரீட்சை வைத்தாள். மோட்டாரைப் போடச் சொன்னாள். அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாள். "மருந்துக் கடை எங்க இருக்குன்னு நீங்களே கண்டுபிடிச்சு, நீங்களே திரும்பி வாங்க" என்று தெருவில் விட்டாள். அவர் திரும்பி வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள்.

"வீடு தேடியே பாதியா இளைச்சுட்டே" என்று ஃபோர்மேன் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள்.

அக்கம்பக்கத்தில் யாருமே இல்லாத அந்த வீட்டை விட்டு வந்த அன்று, ஃபோர்மேன் தரகரைத் தனியாக டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

"இங்க பாருப்பா. அடுத்த வாட்டி பக்கத்துல யாருன்னு அவ கேட்டா, யாராவது இருக்காங்கன்னு சொல்லு."

"யாருன்னு சொல்றது சார்?"

"நல்ல மனுஷங்கன்னு சொல்லு. வாய்க்கு வந்ததைச் சொல்றது உங்க தொழில்தானே?"

தரகர் சங்கடமாக நெளிந்தார். ஆனாலும் அடுத்துப் பார்த்த வீட்டில் சொல்லித் தொலைத்தார். "பக்கத்துல ஒரு வயசான தம்பதிம்மா. தங்கமானவங்க. எந்த நேரத்துல கூப்பிட்டாலும் ஓடி வருவாங்க."

மனைவியின் முகம் அப்படி மலர்ந்து ஃபோர்மேன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. வீடு முடிந்த மாதிரிதான் என்று உள்ளுக்குள் குதித்தார்.

"அப்படியா? வாங்க, ஒரு எட்டு பார்த்துப் பேசிட்டு வந்துடலாம்" என்று அவள் கிளம்பிவிட்டாள்.

பக்கத்து வீட்டு கேட்டில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. தங்கமான தம்பதிக்குப் பதிலாக, இடிந்த சுவரின் ஓட்டை வழியாக ஒரு நாய் ஓடி வந்தது. கூப்பிடாமலே. வந்த மூவரில் யாரைத் துரத்துவது என்று அது ஒரு கணம் யோசித்து, பொய்யைச் சொன்னவரை விட்டுவிட்டு, சொல்லச் சொன்னவரைத் தேர்ந்தெடுத்தது. ஃபோர்மேன் தெருமுனையை அடைந்தபோது அவர் காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

இனி தரகரை நம்பிப் பயனில்லை என்று, தன் பழைய சிநேகிதர் ஸ்டோர் கீப்பரைப் பிடித்தார். அவரும் ரிட்டையர் ஆனவர். பொழுது போகாமல் தவித்துக்கொண்டிருந்தவர்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். நாங்க வீடு பார்க்கிற நேரத்துக்கு நீயும் வா. இந்த வீட்டை இப்பவே வாங்கப்போறேன்னு சொல்லு. போட்டின்னு வந்துட்டா அவளும் விட மாட்டா. புடவைக் கடையில பார்த்திருக்கேன்."

ஸ்டோர் கீப்பர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். குழாய்களைத் திறந்து பார்த்தார். சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கொல்லைப்புறத்தில் நின்று காற்றை இழுத்து விட்டார். பிரமாதமான நடிப்பு. ஃபோர்மேனே ஒரு நிமிஷம் ஏமாந்துவிட்டார்.

"அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு போல. அவரே வாங்கிக்கட்டுமே, பாவம்" என்றாள் மனைவி.

அவரே வாங்கிவிட்டார்.

"டேய், நடிக்கத்தானேடா கூப்பிட்டேன்!"

"நடிக்கத்தான் வந்தேன். வீடு நல்லா இருந்துது. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் ஸ்டோர் கீப்பர். "கிரகப்பிரவேசத்துக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதென்றால் இதுதான். அந்தப் பூதத்துக்குத் தேய்த்த சட்டை வேறு.

அன்று குடியிருப்புக்குத் திரும்பிய ஃபோர்மேன், சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். காலி செய்யச் சொல்லி ஆலை வைத்திருந்த கெடு நெருங்கிவிட்டது. பாதிச் சாமான்கள் மூட்டையாகக் கிடந்தன. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"உனக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லு."

"சுத்தி ஆளுங்க இருக்கணும்" என்றாள் அவள், துணியை மடித்துக்கொண்டே.

"நான் ஒரு ஆள் இல்லையா?"

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

ஃபோர்மேனுக்கு அப்போதுதான் அது உறைத்தது. காலையில் ஆலைக்குப் போய்விட்டு, இருட்டிய பிறகு களைத்து வந்து, சாப்பிட்டுத் தூங்கிய ஒருவனோடு அவள் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறாள். இனி அவன் காலையிலிருந்து இரவு வரை எதிரே உட்கார்ந்திருப்பான். பேச்சுத் துணைக்கு அவன் ஒருவன் மட்டும் என்றால், எந்த மனுஷிக்குத்தான் மூச்சு முட்டாது? தன்னோடு தனியாக இருக்க அவளுக்குப் பயம். அவ்வளவுதான் விஷயம். இதற்கு நாயும் ஸ்டோர் கீப்பரும் என்ன செய்வார்கள்?

அழுகை வந்தது. ஃபோர்மேன்கள் அழுவதில்லை என்பதால் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீ எந்த வீட்டைக் காட்டறியோ, அதையே வாங்கிக்கலாம்" என்றார்.

மறுநாளே அவள் ஒரு வீட்டைக் காட்டினாள். ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாளோ என்னவோ. அடுக்குமாடிக் கட்டடத்தில் கீழ்த்தளம். ஒரே ஒரு படுக்கையறை. இரண்டு பக்கமும் பொதுச் சுவர். மாடியில் குழந்தைகள் குதிக்கும் சத்தம் கேட்டது. ஃபோர்மேன் வாழ்நாள் முழுக்க எதிலிருந்து தப்பிக்க நினைத்தாரோ, அதையே அவர் மனைவி சல்லடை போட்டுத் தேடிக் கண்டுபிடித்திருந்தாள்.

"ஒரு ரூம்தான் இருக்கு. மக வந்தா எங்க படுப்பா?"

"கூடத்துல படுத்துக்கட்டும். ஒரு ரூம்னா பெருக்கித் துடைக்கச் சுலபம்."

அவள் தன் சமையலறையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டு அம்மாள் வீட்டிலேயே சமைத்து ஆபீஸ்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறவர். போன நிமிஷம்வரை முகம் தெரியாத இரண்டு பெண்களும், பிறந்ததிலிருந்து கூடவே வளர்ந்தவர்கள்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு மனைவி ஒரு தட்டோடு வந்தாள்.

"சாப்பிட்டுப் பாருங்க. காரம் சரியா இருக்கா?"

"இருக்கு."

"நெஜமாவே பிடிச்சிருக்கா? எனக்காகச் சொல்லாதீங்க."

"நல்லாத்தான் இருக்கு. ஏன், நீ சமையல்லேருந்தும் ரிட்டையர் ஆகப்போறியா?"

"ஆகக் கூடாதா? நீங்க மட்டும்தான் ஆகணுமா?" என்று சிரித்தாள். தட்டை வாங்கிக்கொண்ட கையில் வளையல்கள் முழங்கைவரை வழுக்கி ஓடின.

ஃபோர்மேன் மறு பேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார். பதிவெல்லாம் முடிந்து தரகர் சாவியைக் கொடுத்த அன்று, முதல் வேலையாகச் சுத்தியலும் ஆணியும் எடுத்தார். மூன்றாவது அடி விழுவதற்குள் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து பதில் தட்டல் வந்தது.

"யாரு? என்ன வேணும்? ஏதாவது அவசரமா?" பக்கத்து வீட்டு அம்மாளின் குரல் அவர் காதுக்குள்ளேயே கேட்டது.

"ஒண்ணும் இல்லம்மா, ஆணி" என்றார் ஃபோர்மேன் நொந்துபோய்.

மனைவி முகமெல்லாம் பூரிப்பாக, "பார்த்தீங்களா, உடனே கேக்கறாங்க!" என்று சொல்லிவிட்டு, நன்றி சொல்வதற்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்குப் போனாள். வாசலில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

அவள் போவதைத் தரகர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஃபோர்மேன் கையிலிருந்த சுத்தியலை மெதுவாக வாங்கித் தரையில் வைத்தார்.

"மனசைத் தேத்திக்கங்க சார். அம்மா நினைச்ச மாதிரியே அமைஞ்சுடுச்சு. இந்த மாதிரி எத்தனை பேருக்கு அமையும்?"

ஃபோர்மேனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சொல்லக் கூடாது என்று அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அந்த அப்பாவித் தரகரிடம் கொட்டினார்.

"என்னத்தைத் தேத்திக்கறது? நான் ஆசைப்பட்டது ஒரு தனி வீடு. நாங்க ரெண்டே பேரு, நிம்மதியா இருக்கலாம்னு. அவளுக்கு என்கூடத் தனியா இருக்கறதுக்கு அவ்வளவு பயம். சுத்தி நாலு பேரு இருந்தாத்தான் என்னைத் தாங்க முடியும்னு இங்க கொண்டுவந்து வெச்சுட்டா. நீயும் அவகூடச் சேர்ந்துக்கிட்டே."

தரகர் ஒன்றும் புரியாமல் அவர் முகத்தையே பார்த்தார்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? டாக்டர் கை விரிச்சுட்டாரு, எனக்கப்புறம் அவரு தனியா இருக்கப்போற வீடுன்னு சொல்லித்தானே அம்மா என்னை இந்த வீட்டைத் தேடச் சொன்னாங்க!"